விண்டோஸ் 11க்கு மாறியதும் கேம் திக்குகிறதா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டி பழைய கம்ப்யூட்டரிலேயே விண்டோஸ் 11 போட்டவர்கள் அடிக்கடி சொல்லும் புகார்: நேற்று வரை வழுக்கிக்கொண்டு ஓடிய கேம் இன்று விக்கி விக்கி ஓடுகிறது. கார்டு அதே, ரேம் அதே, கேமும் அதே. மாறியது விண்டோஸ் மட்டும்தான் என்று தோன்றும், பழியும் அதன் மேல்தான் விழும்.

உண்மையில் மாறியது விண்டோஸ் மட்டுமல்ல. விண்டோஸ் 11 ஏறுவதற்கு டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி) வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும்) வசதி வேண்டும். அதற்காகப் பலர் பயாஸை (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்திருப்பார்கள், உள்ளே போய் இரண்டு மூன்று அமைப்புகளை மாற்றியிருப்பார்கள். அப்போதே ரேம் வேகம் சத்தமில்லாமல் இறங்கியிருக்கும். டிஸ்க்கை ஃபார்மட் அடித்துப் புதிதாகப் போட்டிருந்தால் கிராபிக்ஸ் ட்ரைவர், மானிட்டர் ஹெர்ட்ஸ், பவர் அமைப்பு எல்லாம் முதலிலிருந்து. விண்டோஸ் 11 தானாகக் கொண்டுவரும் மாற்றங்கள் இதற்கெல்லாம் மேலே வந்து உட்காருகின்றன. தேடுவதையும் கீழிருந்து மேலாகவே செய்தால் நேரம் மிச்சம்: பயாஸ், ட்ரைவர், பிறகு விண்டோஸ்.

ஒரே ஒரு எச்சரிக்கை. "எஃப்பிஎஸ் பூஸ்ட்" (எஃப்பிஎஸ் என்றால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம், அதாவது படம், திரையில் வருகிறது என்ற எண்) என்ற பெயரில் கிடைக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களையும் ஸ்கிரிப்டுகளையும் ஓட்டாதீர்கள். அவை ஒரே நேரத்தில் நாற்பது இடத்தில் கை வைக்கும். எது சரி செய்தது, எது கெடுத்தது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

முதலில், எந்த மாதிரித் திக்கல்?

"லேக் ஆகுது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்கள் இருக்கின்றன.

ஆன்லைன் கேமில் நீங்கள் கேமராவைச் சுற்றினால் காட்சி மெழுகாகச் சுழல்கிறது, எதிராளிகள் மட்டும் இங்கும் அங்கும் தாவுகிறார்கள் என்றால் அது நெட்வொர்க் கோளாறு. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து வைஃபை ட்ரைவரைப் போடுங்கள், முடிந்தால் கேபிள் மாட்டிப் பாருங்கள். இந்தக் கட்டுரையின் மற்ற எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

இரண்டாவது, எஃப்பிஎஸ் எப்போதுமே குறைவாக இருப்பது. மூன்றாவதுதான் குழப்பமானது: எஃப்பிஎஸ் எண் நன்றாகவே இருக்கும், ஆனால் கண்ணுக்குத் திக்கும். கணக்கு இதுதான். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடி. 59 ஃப்ரேம்கள் ஒழுங்காக வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் கவுண்ட்டர் 55 என்று காட்டும். பார்க்க மோசமில்லை. ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில் படம் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு உறைந்து நிற்கிறது, அதைக் கண் பிடித்துவிடும். ஆகவே எஃப்பிஎஸ்ஸோடு ஃப்ரேம்டைமையும், அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் எடுக்கும் நேரத்தையும், பார்க்க வேண்டும்.

அதற்கு எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளும் கூடவே வரும் ரிவாட்யூனரும் போதும். செட்டிங்ஸில் மானிட்டரிங் பகுதிக்குப் போய் ஃப்ரேம்டைம், ஜிபியு யூசேஜ், சிபியு யூசேஜ், மெமரி யூசேஜ் நான்கையும் டிக் செய்து, ஆன்-ஸ்க்ரீன் டிஸ்ப்ளேயில் காட்டச் சொல்லுங்கள். ஃப்ரேம்டைமை மட்டும் கிராஃப் வடிவில் வையுங்கள். கோடு தட்டையாகப் போனால் நல்லது. ஈட்டி போல அவ்வப்போது மேலே குத்தினால் அதுதான் திக்கல். எதையும் நிறுவ விருப்பமில்லையென்றால் விண்டோஸ் விசையோடு ஜி அழுத்துங்கள், கேம் பார் திறக்கும், அதன் பெர்ஃபார்மன்ஸ் கட்டத்தில் ஃப்ரேம்டைம் தவிர மற்றவை தெரியும்.

ஒரே சேவ், ஒரே தெரு, ஒரே இரண்டு நிமிட ஓட்டம். மூன்று முறை ஓடி, முதல் ஓட்டத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஓட்டத்தை ஏன் தள்ள வேண்டும் என்பது கீழே "முதல் சில நாள் திக்கல்" பகுதியில் வருகிறது.

ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) 95 முதல் 99 சதவீதம் வேலை செய்தும் எஃப்பிஎஸ் குறைவு என்றால் கார்டு தன்னால் முடிந்ததைச் செய்கிறது, கிராபிக்ஸ் செட்டிங்கைக் குறைப்பதுதான் வழி. ஜிபியு 50, 60 என்று சோம்பி நிற்க, படம் மட்டும் திக்கினால் சிபியு, ரேம், பின்னணி வேலை ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஜிபியு 0 என்றால் கேம் அந்தக் கார்டில் ஓடவே இல்லை.

பயாஸ்: ரேம் இறங்கியிருக்கிறதா?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி. கீழே வலப்பக்கம் ஸ்பீட் என்று ஒரு எண் இருக்கும். நீங்கள் வாங்கிய டிடிஆர்4 ரேமின் ஸ்டிக்கரில் 3200 என்று இருந்து, இங்கே 2133 அல்லது 2400 என்று காட்டினால் திருடன் அகப்பட்டான். டிடிஆர்5 என்றால் 6000 ரேம் 4800 என்று காட்டும்.

காரணம் எளிது. ரேம் குச்சியின் பெட்டியில் போட்டிருக்கும் வேகம் எக்ஸ்எம்பி என்ற, குச்சியிலேயே முன்கூட்டிப் பதிந்து வைத்த அமைப்பை ஆன் செய்தால்தான் வரும். பயாஸை அப்டேட் செய்தால் பெரும்பாலான மதர்போர்டுகள் எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும், எக்ஸ்எம்பியும் அதோடு அணைந்துவிடும். ஏஎம்டியின் ரைசன் சிபியு வைத்திருப்பவர்களுக்கு அடி இரட்டிப்பு: ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் ரைசன்களில் சிபியுவின் பாகங்களை உள்ளே இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் ரேமின் கடிகாரத்தோடு கைகோத்து ஓடுவது வழக்கம். ரேம் 3200 என்றால் ஃபேப்ரிக் 1600 மெகாஹெர்ட்ஸ், ரேம் 2133க்கு இறங்கினால் அதுவும் 1066க்கு இறங்கும். விளைவு சராசரி எஃப்பிஎஸ்ஸைவிடத் திடீர் விக்கல்களில்தான் அதிகம் தெரியும்.

கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திறக்கும். இன்டெல் போர்டில் எக்ஸ்எம்பி என்றே இருக்கும். ஏஎம்டி போர்டில் தயாரிப்பாளரைப் பொறுத்து டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பி என்றும், டிடிஆர்5 என்றால் எக்ஸ்போ என்றும் இருக்கும். முதல் ப்ரொஃபைலைத் தேர்ந்து, எஃப்10 அழுத்திச் சேமியுங்கள். மீண்டும் டாஸ்க் மேனேஜரில் எண்ணைச் சரிபாருங்கள்.

அதே பக்கத்தில் ஸ்லாட்ஸ் யூஸ்ட் என்பதையும் பாருங்கள். இரண்டு குச்சிகள் மாட்டியும் ஒன்றுதான் காட்டினால் ஒன்று சரியாக உட்காரவில்லை. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு குச்சிகள் என்றால் பொதுவாக சிபியுவிலிருந்து எண்ணி 2, 4 ஆகிய இடங்களில் இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்தில் மாட்டினால் டூயல் சேனல் கிடைக்காது.

ரீசைசபிள் பார் என்ற அமைப்பும் (கிராபிக்ஸ் கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுக விடுவது) இதே போல அணைந்திருக்கலாம். என்விடியா ஆர்டிஎக்ஸ் 30 வரிசையிலிருந்து இது பயன்படும், என்விடியா கண்ட்ரோல் பேனலின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யெஸ், நோ என்று தெரியும். இன்டெல் ஆர்க் கார்டு என்றால் இது இல்லாமல் நல்ல வேகம் கிடைக்கவே கிடைக்காது.

ஏஎம்டி எஃப்டிபிஎம் விக்கல்

இது தனி வகை. நாளுக்குச் சில முறை, எந்த ஒழுங்கும் இல்லாமல், கம்ப்யூட்டர் முழுவதும் ஓரிரு நொடி உறையும். மவுஸ் நிற்கும், ஸ்பீக்கரில் சத்தம் இழுபடும், பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தொடரும். கேமில் மட்டுமல்ல, பாட்டு கேட்கும்போதும் வரும்.

ரைசன் கம்ப்யூட்டர்களில் டிபிஎம் தனிச் சிப்பாக இல்லாமல் ஃபர்ம்வேருக்குள் இருக்கும், அதுதான் எஃப்டிபிஎம். சில அமைப்புகளில் அது மதர்போர்டின் பயாஸ் சிப்போடு நீளமாகப் பேசத் தொடங்கிவிடுகிறது, அது முடியும் வரை மற்றதெல்லாம் காத்திருக்கிறது. ஏஎம்டி 2022 மார்ச்சில் இதை ஒப்புக்கொண்டது. அகேசா (பயாஸுக்குள் இருக்கும் ஏஎம்டியின் அடிப்படை நிரல்) 1.2.0.7 கொண்ட பயாஸ்களில், 2022 மே மாதத்திலிருந்து, தீர்வு வந்தது. விண்டோஸ் 10 இருந்தவரை டிபிஎம்மை அணைத்தே வைத்திருந்தவர்களுக்கு, 11க்காக ஆன் செய்த அன்றுதான் இந்தக் கோளாறு அறிமுகமாகிறது.

ஸ்டார்ட் மெனுவில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்று தேடித் திறந்து, பயாஸ் வெர்ஷன் வரியில் இருக்கும் தேதியைப் பாருங்கள். 2022 மேக்கு முந்தையது என்றால் மதர்போர்டு தளத்திலிருந்து புதிய பயாஸைப் போடுங்கள். அதற்கு முன் மூன்று வேலை. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டு, என்கிரிப்ஷனைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். இல்லையென்றால் அடுத்த பூட்டில் 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும். யுபிஎஸ் இல்லாமல் பயாஸ் ஏற்றாதீர்கள், நடுவில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடக்கூடும். அப்டேட் முடிந்ததும் எஃப்டிபிஎம்மையும் எக்ஸ்எம்பியையும் மறுபடி ஆன் செய்ய வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் மறப்பார்கள்.

மானிட்டர், கேபிள், எந்தக் கார்டு

புதிதாக விண்டோஸ் போட்டால் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கலாம். செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். 144 ஹெர்ட்ஸில் ஒரு ஃப்ரேமுக்கு 6.9 மில்லிநொடி. அதற்குப் பழகிய கண்ணுக்கு 60 ஹெர்ட்ஸ் திக்கலாகத்தான் தெரியும்.

கேபினெட்டைத் திறந்து தூசி தட்டியிருந்தால் மானிட்டர் கேபிள் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் என்றால் அது மதர்போர்டு. கீழே படுக்கையாக இருக்கும் கார்டின் துளையில் மாட்ட வேண்டும்.

லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் இருக்கும். செட்டிங்ஸ் > சிஸ்டம் > டிஸ்ப்ளே > கிராபிக்ஸ் போய், கேமின் இஎக்ஸ்இ ஃபைலைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்கள். லாஞ்சரைச் சேர்த்தால் பயனில்லை, கேம் ஃபைலையே சேர்க்க வேண்டும். பவர் மோடைப் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸில் வைத்து, சார்ஜரை மாட்டி விளையாடுங்கள். ஃபேன் வேகத்தையும் வாட் அளவையும் கட்டுப்படுத்தும் தயாரிப்பாளரின் மென்பொருள் ஃபார்மட்டில் போயிருக்கும், அதையும் திரும்பப் போடுங்கள்.

ட்ரைவர்

விண்டோஸ் அப்டேட் தானாகவே ஒரு கிராபிக்ஸ் ட்ரைவரைப் போட்டுவிடும். படம் தெரிவதற்கு அது போதும், ஆனால் பெரும்பாலும் பழையதாக இருக்கும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதற்குக் கீழே மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர் என்றே இருந்தால் ட்ரைவர் ஏறவே இல்லை.

ஃபார்மட் அடிக்காமல் 10க்கு மேலேயே 11ஐ ஏற்றியவர்களிடம் பழைய ட்ரைவரின் மிச்சங்கள் தங்கியிருக்கும். முதலில் எளிய வழி: என்விடியா இன்ஸ்டாலரில் கஸ்டம் தேர்ந்து, க்ளீன் இன்ஸ்டலேஷன் டிக் செய்யுங்கள். ஏஎம்டியில் ஃபேக்டரி ரீசெட். அதற்கும் மசியவில்லையென்றால் மட்டும் டிடியு எனப்படும் டிஸ்ப்ளே ட்ரைவர் அன்இன்ஸ்டாலர். முறை:

1. புதிய ட்ரைவரையும் டிடியுவையும் முன்கூட்டியே இறக்கி வையுங்கள்.
2. நெட் இணைப்பைத் துண்டியுங்கள். இல்லையென்றால் நீங்கள் அழித்த கையோடு விண்டோஸ் பழையதைத் திரும்பப் போட்டுவிடும்.
3. ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். ட்ரபிள்ஷூட் > அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ் > ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் > ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோட் வரும். பின் எண் வேலை செய்யாமல் பாஸ்வேர்டு கேட்கலாம், நினைவில் வைத்திருங்கள்.
4. டிடியுவில் உங்கள் கார்டைத் தேர்ந்து க்ளீன் அண்ட் ரீஸ்டார்ட்.
5. புதிய ட்ரைவரைப் போட்டுவிட்டு நெட்டை இணையுங்கள்.

ரைசன் என்றால் ஏஎம்டி தளத்திலிருந்து சிப்செட் ட்ரைவரும் தேவை. இதைப் பலர் போடுவதே இல்லை. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது ரைசன்களின் எல்3 கேச் தாமதம் அதிகரித்து, சில போட்டி கேம்களில் 10 முதல் 15 சதவீதம் வரை வேகம் விழுந்தது. அதே மாதத்தில் விண்டோஸ் புதுப்பிப்பு அதைச் சரி செய்தது, சிபியுவின் வேகமான கோர்களுக்கு வேலை சரியாகப் போகாத இன்னொரு கோளாறைச் சிப்செட் ட்ரைவர் சரி செய்தது.

புதியதுதான் எப்போதும் சிறந்தது என்றும் இல்லை. 2025 அக்டோபர் விண்டோஸ் 11 புதுப்பிப்புக்குப் பிறகு சில கேம்களில் வேகம் குறையலாம் என்று என்விடியாவே சொல்லி, நவம்பரில் 581.94 என்ற ஹாட்ஃபிக்ஸ் (அவசரத் திருத்த) ட்ரைவரை வெளியிட்டது. ஒரு புதுப்பிப்பு வந்த மறுநாளே திக்கல் தொடங்கினால் உங்கள் கம்ப்யூட்டரைக் கழற்றுவதற்கு முன் ட்ரைவரின் வெளியீட்டுக் குறிப்பைப் படியுங்கள். ஜிடிஎக்ஸ் 900, 10 வரிசைக் கார்டுகளுக்கு கேம் ரெடி ட்ரைவர்கள் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டன, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே இனி வரும்.

மெமரி இன்டெக்ரிட்டி

விண்டோஸ் மீதே பழி போடலாம் என்ற இடம் இதுதான். புதிதாக நிறுவிய விண்டோஸ் 11-இல் மெமரி இன்டெக்ரிட்டி பொதுவாக ஆன் ஆகியே வரும். விண்டோஸின் மையப் பகுதியில் கலப்படமான ட்ரைவர் நுழையாமல், ஒரு மெய்நிகர் அடுக்கிலிருந்து காவல் காப்பது அதன் வேலை. அந்தக் காவலுக்குச் சிறு கூலி உண்டு.

கூலி எவ்வளவு என்பது சிபியுவைப் பொறுத்தது. இன்டெல் 7ஆம் தலைமுறையிலிருந்தும் ஏஎம்டி ஜென் 2இலிருந்தும் இதற்கான வசதி சிப்பிலேயே இருக்கிறது. ரைசன் 5 2600 போன்ற ஜென் பிளஸ் சிபியுக்கள் விண்டோஸ் 11 பட்டியலில் இருந்தாலும் அந்த வசதி இல்லாதவை. அவற்றில் அதே வேலையை மென்பொருள் செய்ய வேண்டியிருப்பதால் இழப்பு கூடும்.

விண்டோஸ் செக்யூரிட்டி > டிவைஸ் செக்யூரிட்டி > கோர் ஐசொலேஷன் போய் மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்து, ரீஸ்டார்ட் செய்து, அதே இரண்டு நிமிட ஓட்டத்தை ஓடுங்கள். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் என்பதற்கும் டிக் எடுத்துப் பார்க்கலாம். இவ்விரண்டையும் கேமர்களுக்கான வழியாக மைக்ரோசாஃப்ட்டே 2022இல் சொன்னது, விளையாடி முடித்ததும் திரும்ப ஆன் செய்யுங்கள் என்ற அறிவுரையோடு. லினக்ஸ் துணை அமைப்போ ஆண்ட்ராய்டு எமுலேட்டரோ பயன்படுத்துபவர்கள் இரண்டாவதைத் தொட வேண்டாம். வித்தியாசம் ஓரிரு எஃப்பிஎஸ் மட்டும் என்றால் ஆன் செய்தே விட்டுவிடுங்கள், பாதுகாப்பை அந்த விலைக்கு விற்பது நட்டம்.

டிபிஎம்மையும் செக்யூர் பூட்டையும் வேகத்துக்காக அணைக்காதீர்கள். அவற்றால் எஃப்பிஎஸ் ஏறாது. வேலரன்ட் போன்ற கேம்கள் விண்டோஸ் 11-இல் அவை இல்லாமல் திறக்கவே திறக்காது.

முதல் சில நாள் திக்கல்

கேமின் ஷேடர்களை (ஒளி, நிழல், நிறத்தை வரையும் சிறு நிரல்கள்) உங்கள் கார்டுக்கு ஏற்றபடி மொழிபெயர்த்து, டிஸ்க்கில் சேமித்து வைப்பது ட்ரைவரின் வேலை. விண்டோஸோ ட்ரைவரோ மாறினால் அந்தச் சேமிப்பு செல்லாது. ஒவ்வொரு புது வெடிப்பு, புதுத் தெரு, புது எதிரி வரும்போதும் மொழிபெயர்ப்பு மறுபடி நடக்கும், ஒவ்வொரு முறையும் ஒரு குத்து. ஒரே இடத்தை இரண்டாம் முறை கடக்கும்போது குத்து இல்லையென்றால் காரணம் இதுதான். முதல் திரையில் ஷேடர்கள் தயாராகின்றன என்று வந்தால் முடியும் வரை காத்திருங்கள். என்விடியாவில் ஷேடர் கேச் அளவை 10 ஜிபியாக ஏற்றலாம்.

அதே நாட்களில் விண்டோஸ் தேடல் அட்டவணை போடும், டிஃபெண்டர் முழு டிஸ்க்கையும் துழாவும். ஒரு இரவு கம்ப்யூட்டரை ஆன் செய்து விட்டுவிடுங்கள், அதற்குப் பிறகு அளந்து பாருங்கள்.

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் தனிக்கதை. பல கேம்கள் சேவ் ஃபைலை டாக்குமென்ட்ஸில் வைக்கின்றன. விண்டோஸ் 11 அந்த ஃபோல்டரையே ஒன்டிரைவில் பேக்கப் எடுக்கத் தொடங்கியிருக்கலாம். ஆட்டோசேவ் குறி வரும் நேரத்தில் மட்டும் விக்கினால் விளையாடும்போது ஒன்டிரைவின் சிங்க்கை (ஃபைல் ஒத்திசைவை) நிறுத்திப் பாருங்கள்.

மிச்சம் மீதி

மவுஸைத் திருப்பினால் மட்டும் திக்கல், கண்ட்ரோலரில் மெழுகு என்றால் மவுஸின் போலிங் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை தன் நிலையைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது என்பதை) 1000 அல்லது 500க்கு இறக்குங்கள். செட்டிங்ஸ் > கேமிங் > கேப்சர்ஸில் பின்னணிப் பதிவை அணையுங்கள். ஹார்ட்வேர் ஆக்சிலரேட்டட் ஜிபியு ஷெட்யூலிங் சிலருக்கு உதவும், சிலருக்குக் கெடுக்கும், இரண்டு விதமாகவும் ஓடிப் பாருங்கள். ஆனால் இடையில் கூடுதல் ஃப்ரேம்களை உருவாக்கிச் சேர்க்கும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஃப்ரேம் ஜெனரேஷனுக்கு அது ஆன் ஆகியிருக்க வேண்டும். கேம் இப்போது எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்றும் பாருங்கள். பேக்கப் எடுக்கப் பயன்படுத்திய பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கலாம்.

திரும்பிப் போக

10க்கு மேல் 11ஐ ஏற்றியிருந்தால் முதல் 10 நாளுக்குள் செட்டிங்ஸ் > சிஸ்டம் > ரெகவரியில் கோ பேக் கிடைக்கும். விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை இடம் பற்றவில்லை என்று அழித்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஃபார்மட் அடித்தவர்களுக்கு அது இல்லவே இல்லை. கோ பேக் கொடுத்தால் விண்டோஸ்தான் பழையபடி வரும், பயாஸ் வராது. ரேம் 2133இல் கிடந்தால் விண்டோஸ் 10லும் அது 2133தான்.